நல்லாசிரியரை வார்டில் தேடுங்கள்

புதுச்சேரியில் மேலை மருத்துவம் கற்பிக்கத் தொடங்கி இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. பிரெஞ்சு அரசு 1823-ல் இங்கே ஒரு மருத்துவப் பள்ளியைத் திறந்தது. ஊர் இந்தியாவோடு சேர்ந்தபின் 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி வந்தது. 1964-ல் அது ஜிப்மர் ஆனது. இன்று ஊரைச் சுற்றிலும் மருத்துவக் கல்லூரிகள். அவற்றில் ஆண்டுக்கொரு முறை நல்லாசிரியர் விருது என்று வரும்போது, தேர்வுக் குழுவில் இளம் உதவிப் பேராசிரியர்கள் சிலரையும் உட்காரவைக்கிறார்கள். யாரை, எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று அவர்கள் என்னைக் கேட்கிறார்கள். வாழ்நாளெல்லாம் கற்பித்தவன் என்ற உரிமையில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

1. கைதட்டலைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் 1970-ல் ஒரு சோதனை நடந்தது. மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரை ‘டாக்டர் மைரன் ஃபாக்ஸ்’ என்று பெயர் மாற்றி, பெரிய நிபுணர் என்று அறிமுகம் செய்து மேடையேற்றினார்கள். கணித விளையாட்டுக் கோட்பாட்டை மருத்துவக் கல்வியில் பயன்படுத்துவது பற்றிய உரை. அவருக்கு அந்தத் துறையில் ஒன்றும் தெரியாது. முன்னுக்குப் பின் முரணாகவும், சொன்னதையே திரும்பச் சொல்லியும், இடையிடையே சிரிக்கவைத்தும் பேசும்படி பழக்கியிருந்தார்கள். கேட்டவர்கள் சிறுபிள்ளைகள் அல்லர். மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள், அதிலும் பிறருக்குக் கற்பிப்பவர்கள். பெரும்பாலோர் உரை நன்றாக இருந்ததாகவும் சிந்திக்கத் தூண்டியதாகவும் எழுதிக்கொடுத்தார்கள். 1973-ல் இது கட்டுரையாக வெளிவந்தது. கற்பிப்பதை மதிப்பிட உட்காரும் ஒவ்வொருவரும் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். அழகாகப் பேசுகிற ஆசிரியர் மோசமானவர் என்று இதற்குப் பொருள் இல்லை. பேச்சின் அழகைப் பார்த்து, உள்ளே பாடம் இருந்ததா என்று முடிவு கட்ட முடியாது. அவ்வளவுதான்.

2. ஆசிரியரை மாணவர் மதிப்பிடும் படிவத்தைத் தூக்கிப் போடவும் வேண்டாம், கேள்வியை மாற்றுங்கள்.

‘ஆசிரியர் பாடத்தில் புலமை உள்ளவரா’ என்று இரண்டாம் ஆண்டு மாணவனைக் கேட்டால் அவன் எப்படிச் சொல்வான்? அவனுக்கு மட்டுமே தெரிந்ததைக் கேளுங்கள். இந்த மூன்று மாதத்தில் நீ நோயாளியைப் பரிசோதிப்பதை அவர் நின்று பார்த்தாரா? எங்கே தவறினாய் என்று சொன்னாரா? தெரியவில்லை என்று அவரிடம் பயமில்லாமல் சொல்ல முடிந்ததா? இவற்றுக்கு அவனைவிட நல்ல சாட்சி கிடையாது.

அமெரிக்க விமானப்படை அகாதமியில் கேரல், வெஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் செய்த ஆய்வு 2010-ல் வந்தது. மாணவர்கள் மெச்சிய ஆசிரியர்களின் வகுப்பு அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தது. ஆனால் அதே மாணவர்கள் அடுத்த கட்டப் பாடத்துக்குப் போனபோது பின்தங்கினார்கள். எனவே இந்த ஆண்டுப் படிவத்தோடு நிறுத்தாமல், போன ஆண்டு மாணவர்களையும் அதற்கு முந்தியவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

3. வார்டுக்குப் போங்கள்.

என் கருத்தில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். விரிவுரை மண்டபத்தில் ஒரு மணி நேரம் யார் வேண்டுமானாலும் சமாளித்துவிடலாம். வார்டில் சமாளிக்க முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு. மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க, வலது அடிவயிற்றில் கையை வைத்து, நோயாளியின் மூச்சுக்கு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இடது விலாவை நோக்கி நகர வேண்டும். புதிதாகப் படிக்கிற பிள்ளைகள் நேரே இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துவிடுவார்கள். மண்ணீரல் தொப்புள் வரை வளர்ந்திருந்தாலும் விளிம்பு தட்டுப்படாது, ஏனென்றால் கை ஏற்கெனவே மண்ணீரலின் மேல்தான் கிடக்கிறது. ‘ஒன்றும் இல்லை சார்’ என்பான் மாணவன். அந்த இடத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மாணவனை ஒதுக்கிவிட்டுத் தானே தொட்டு ‘இதோ இருக்கிறதே’ என்று காட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகிறவர் நல்ல டாக்டராக இருக்கலாம். நல்லாசிரியர் அவன் முடிக்கும்வரை வாய் திறக்காமல் பார்த்துவிட்டு, ‘எங்கே ஆரம்பித்தாய்?’ என்று மட்டும் கேட்கிறார். பிறகு அதே மாணவனை, அதே நோயாளியின் அனுமதியோடு, மறுபடி செய்யவைக்கிறார். இதற்கு அவருக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகிறது. வெளியே ஓ.பி. நிரம்பி வழியும் நாளிலும் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்கிறாரா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திரையை இழுத்துவிடுகிறாரா, பார்த்து முடித்ததும் நோயாளியின் சட்டையைச் சரிசெய்யச் சொல்கிறாரா என்பதையும் கவனியுங்கள். மாணவர்கள் இதைப் பாடப்புத்தகத்தில் படிப்பதில்லை. ஆசிரியரைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் கே.வி. திருவேங்கடம் 2020-ல் மறைந்தார். தலைமுறை தலைமுறையாக அவரிடம் படித்தவர்கள், தாங்கள் இன்று நோயாளியின் பக்கத்தில் நிற்கும் விதத்தையே அவரிடமிருந்து பெற்றதாகச் சொல்வார்கள். அவர் பத்மஸ்ரீ விருது பெற்றவர். மாணவர்கள் தருகிற இந்தச் சாட்சியை அதற்குக் குறைவாக நான் மதிக்க மாட்டேன்.

போகும்போது முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். ஒளிந்து பார்ப்பது சக ஆசிரியருக்குச் செய்யும் மரியாதை அல்ல. ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யவும் வேண்டாம்; இரண்டு பேர், வெவ்வேறு நாளில் போனால் நல்லது.

4. நோயாளியிடமும் கேளுங்கள்.

நம் வார்டுகளில் படுத்திருப்பவர்களில் பாதிப்பேர் கடலூர், விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமத்து மக்கள். படிக்க வருகிற பிள்ளைகளோ நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வருகிறார்கள். ‘படி ஏறினா மூச்சு வாங்குதா?’, ‘கால் எப்பவிருந்து வீங்குது?’ என்று பீகாரிலிருந்து வந்த பெண்ணைக் கேட்கப் பழக்குகிறவர் யார்? ‘மேலுக்கு முடியலை’ என்று ஒரு பாட்டி சொன்னால், அது காய்ச்சலா, அசதியா, வலியா என்று மேலே கேட்கக் கற்றுக்கொடுப்பவர் யார்? அவர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். நோயாளியின் பேச்சு புரியாமல் மருத்துவம் இல்லை என்பதை அவர் அன்றே அறிந்திருந்தார்.

வார்டில் இருப்பவர்களிடம், ‘பிள்ளைங்களைக் கூட்டிவந்து உங்களைப் பார்த்த டாக்டர் உங்ககிட்ட ஏதாவது சொல்லிட்டுப் பார்த்தாரா?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வரும்.

5. ஹவுஸ் சர்ஜன்களைக் கவனியுங்கள்.

இரவு இரண்டு மணிக்கு மூச்சுத்திணறலோடு ஒருவர் வரும்போது, யாரிடம் படித்தவர்கள் பதறாமல் வேலை செய்கிறார்கள், யாரிடம் படித்தவர்கள் தங்களுக்கு மீறியது என்று உணர்ந்து சரியான நேரத்தில் சீனியரைக் கூப்பிடுகிறார்கள் என்பது டூட்டி டாக்டருக்கும் சிஸ்டருக்கும் தெரியும்.

6. அவர் தயாரித்த வினாத்தாள்களை வாங்கிப் பாருங்கள்.

பட்டியல் கேட்கும் கேள்விகளே நிறைந்திருந்தால் அவர் மனப்பாடத்தை வளர்க்கிறார். செய்முறைத் தேர்வையும் பாருங்கள். தேர்வை நிலையம் நிலையமாகப் பிரித்து, மாணவன் கையால் செய்வதை நேரில் பார்த்து மதிப்பெண் போடும் முறையை ரொனால்ட் ஹார்டன் ஸ்காட்லாந்தின் டண்டியில் உருவாக்கி 1975-ல் வெளியிட்டார். இன்று நமக்கும் அது புதிதல்ல. ஆனாலும் அந்த நிலையங்களில் ‘நோயாளியிடம் கெட்ட செய்தியைச் சொல்’ என்று ஒன்றை வைக்கிறாரா, பி.பி. கருவியோடு நிறுத்திக்கொள்கிறாரா என்பதில் ஆசிரியரின் மனம் தெரிந்துவிடும்.

7. கற்பிக்கும் கலையும் கற்றுக்கொள்ளக்கூடியதே.

பாடம் தெரிந்தவனுக்குக் கற்பிக்கத் தானாகவே வரும் என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. அதை இந்த ஊர்தான் முன்னின்று மாற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு 1975-ல் ஜிப்மரில் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. நாடெங்குமிருந்து மருத்துவப் பேராசிரியர்கள் இங்கே வந்து மாணவர்களாக உட்கார்ந்தார்கள். இதை எண்ணி நான் பெருமைப்படுகிறேன். இன்று பதவி உயர்வுக்கே கற்பித்தல் பயிற்சிச் சான்றிதழ் தேவைப்படுகிறது. நல்லதுதான். ஆனால் சான்றிதழ் எல்லோரிடமும் இருக்கும்போது அதை வைத்து ஒருவரை உயர்த்த முடியாது. பயிற்சிக்குப் பின் தம் வகுப்பில் எதை மாற்றினார் என்று கேளுங்கள். ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கைக்கு வேறு பரிசுகள் இருக்கின்றன. இந்த மேசைக்கு அது வர வேண்டாம்.

8. கண்ணில் படாதவர்களை விட்டுவிடாதீர்கள்.

விருது பெரும்பாலும் பெரிய துறைகளுக்கே போகிறது. முதலாண்டில் உடற்கூறு கூடத்தில், தானமாக வந்த உடலின் முன் எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லித்தருகிறவரே ஒரு மருத்துவரை முதலில் உருவாக்குபவர். நரம்பு கிடைக்காத குழந்தைக்கு ட்ரிப் போட எத்தனையோ டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் மூத்த சிஸ்டர்தான். விதியில் அவருக்கு இடமில்லை என்றால் விதியை மாற்றும்படி எழுதிக்கொடுங்கள். குழுவில் இளையவர்கள் நீங்கள். இதைக் கேட்க உங்களைவிடத் தகுந்தவர் யார்?

9. காரணத்தை எழுதுங்கள்.

இந்திய மருத்துவத்தின் பெரிய கௌரவமான டாக்டர் பி.சி. ராய் விருதில் சிறந்த மருத்துவ ஆசிரியர் என்று தனிப் பிரிவே இருந்தது. அதைப் பெற்றவர்களைக் கொண்டாடுகிறோம், ஆனால் அவர்கள் வகுப்பில் என்ன செய்தார்கள் என்பது பதிவாவதில்லை. உங்கள் கல்லூரி விருதிலாவது ‘அரும்பணி’, ‘ஒப்பற்ற சேவை’ என்று எழுதாமல், அவர் செய்ததை எழுதுங்கள். ‘செவ்வாய்தோறும் மாலையில் பின்தங்கிய மாணவர்களை வார்டுக்கு அழைத்துப்போய் ஒரு நோயாளியை முழுமையாகப் பார்க்கவைக்கிறார்’ என்ற ஒரு வரி போதும். அதைப் படித்துவிட்டு அடுத்த வாரம் இன்னொருவரும் அப்படிச் செய்யலாம். விருதோடு, வாரத்தில் இரண்டு மணி நேரம் ஓ.பி. வேலையிலிருந்து அவருக்கு விடுப்பு வாங்கிக்கொடுக்க முடியுமா என்று டீனிடம் கேளுங்கள். கேடயத்தைவிட அந்த இரண்டு மணி நேரம் அவருக்கும் மாணவர்களுக்கும் உதவும்.