காற்று அடங்கும்வரை

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தில்லி மாநகரம் முந்திய இரவு முதலே குளிர்கால மழையில் நனைந்துகொண்டிருந்தது. பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் தந்தையுடன் துக்ளகாபாத்தில் உள்ள கர்ணி சிங் துப்பாக்கி சுடுதல் அரங்கை வந்தடைந்தாள். 1982ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அமைக்கப்பட்ட அவ்வரங்கம், ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்ற பிகானேர் மன்னர் கர்ணி சிங்கின் பெயரைத் தாங்கியுள்ளது.

அம்மாணவி இரண்டு ஆண்டுகளாக 10 மீட்டர் ஏர் ரைபிளில் பயின்றவள். அது மூடிய கூடத்தில் நிகழ்வது. மழையும் காற்றும் அங்கே நுழைவதில்லை. 50 மீட்டர் ரைபிளோ வேறு வகையானது. சுடுபவரின் தலைக்குமேல் கூரை உண்டு. தோட்டா பாயும் வழி திறந்தவெளி. இலக்கின் நடுவில் பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர் மட்டுமே. அதைச் சுற்றியுள்ள ஒவ்வொரு வளையத்தின் அகலமும் 8 மில்லிமீட்டர்.

அவளிடம் இருந்தவை ஒரு பெட்டியில் அடங்கிய 50 தோட்டாக்கள். தந்தை மிகைநேரப் பணி செய்து ஈட்டிய பணத்தில் வாங்கியவை. அம்மாதத்தில் வேறு பெட்டி இல்லை.

தடித்த மேலங்கியை அணிந்து, தோல்வாரை இடக்கையில் மாட்டி, பாயில் குப்புறப் படுத்துச் சுடத் தொடங்கினாள். முதல் மூன்றும் பத்துகள். நான்காவது, வலப்புறம் சற்றே தாழ்ந்து ஏழில் பதிந்தது. தன் கையே பிழை செய்தது என எண்ணிக் குறிநோக்கியைத் திருகினாள். அடுத்தது இடப்புறம் சென்றது. மீண்டும் திருகினாள். பத்துத் தோட்டாக்கள் இவ்வாறே வீணாயின. அவள் கண்கள் கலங்கின.

பயிற்சியாளர் அருகில் வந்து, இடையே நடப்பட்டிருந்த சிறு துணிக்கொடிகளைச் சுட்டிக்காட்டினார். துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் உள்ள சுருள்பள்ளங்கள் தோட்டாவை வலஞ்சுழியாகச் சுழலச் செய்கின்றன. ஆகவே இடமிருந்து வீசும் காற்று அதை வலப்புறம் தள்ளுவதோடு சற்றுத் தாழ்த்தவும் செய்யும். வலமிருந்து வீசும் காற்று இடப்புறம் தள்ளிச் சற்று உயர்த்தும். பிழை கையில் இல்லை, கொடியைப் பாராத கண்ணில் இருக்கிறது என்று அவர் விளக்கினார்.

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்களே, அப்பா! இங்கே காற்றே பகையாக இருக்கிறதே!" என்றாள் அவள்.

"அம்மா, தஞ்சையில் உன் தாத்தா நெல் தூற்றுவதற்குக் காற்று எழும்வரை களத்தில் காத்திருப்பார். நீ அது அடங்கும்வரை காத்திரு. இருவருக்கும் வேலை ஒன்றுதான், காற்றைக் கவனிப்பது" என்றார் தந்தை.

அவள் காத்திருந்தாள். நெடுநேரத்திற்குப் பின் கொடிகள் துவண்டு தொங்கின. விரல் விசையைத் தொட்டது. அந்நொடியில் மின்னல் வெட்டியது, "ஸ்டாப்!" என்னும் கட்டளை ஒலித்தது. அத்தகைய அமைதி மீண்டும் வாய்க்குமோ என்று அவள் உள்ளம் பதறியது. எனினும் விரலை எடுத்தாள், தோட்டாவை வெளியேற்றினாள், துப்பாக்கியின் முனை இலக்கை நோக்கியிருக்க, அதைக் கீழே வைத்து விலகினாள். கட்டளைக்குப் பின் ஒரு தோட்டாவும் பாயக்கூடாது என்பது அரங்கின் முதல் விதி.

இடி ஓய்ந்தபின் சுடுதல் தொடர்ந்தது. கொடி ஆடும்போது பொறுத்தும் அடங்கும்போது சுட்டும் வந்தாள். இறுதிப் பத்தில் ஆறு பத்துகள், நான்கு ஒன்பதுகள். நேரம் முடிந்தபோது ஒன்பது தோட்டாக்கள் எஞ்சியிருந்தன. அவற்றை எண்ணிப் பார்த்த தந்தை, ஒன்றும் கூறாமல் மகளின் நனைந்த தலையில் துண்டைப் போர்த்தினார்.

அருஞ்சொற்பொருள்
விசை – துப்பாக்கியைச் சுட விரலால் இழுக்கும் உறுப்பு
குறிநோக்கி – இலக்கைக் குறிபார்க்க உதவும் கருவி
தூற்றுதல் – காற்றில் தூவிப் பதரை நீக்குதல்
களம் – கதிரடிக்கும் இடம்

விடை எழுதுக
1. குறிநோக்கியைத் திருகியும் தோட்டாக்கள் விலகியது ஏன்?
2. தாத்தாவின் காத்திருத்தலையும் பேத்தியின் காத்திருத்தலையும் ஒப்பிடுக.
3. "ஸ்டாப்" என்னும் கட்டளையை அவள் மீறியிருந்தால் என்ன நேர்ந்திருக்கக்கூடும்?

செயற்பாடு
கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்து ஒலிம்பிக்கில் பங்கேற்ற ஏர் ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவனைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.