போர்முனையிலிருந்து நம் வீட்டுக்கு ஒரு பாடம்

லோதி ரோடு சி.ஜி.ஓ. வளாகத்தில் உள்ள தேசியத் தகவலியல் மையத்தை நம் அன்பர்கள் அறிவார்கள். 1976-ல் தொடங்கிய அம்மையம், 1980களின் பிற்பகுதியில் செயற்கைக்கோள் வழியாக மாவட்டத் தலைநகரங்களைத் தில்லியுடன் இணைத்தது. இந்த வட்டாரத்தில் பல ஆண்டுகள் கணிப்பொறிப் பணி செய்தவன் என்ற முறையில், தொடர்பு அடிக்கடி அறுபடும் இடத்தில் நோயாளியின் குறிப்பு எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதை விளக்க விரும்புகிறேன். இதில் ராணுவ மருத்துவமே நமக்கு நல்ல ஆசான்.

சியாச்சினில் 18,000 அடிக்கு மேல் காவல் இருக்கும் வீரருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் உடனே கீழே இறக்க வேண்டும். முதலில் அடிவார முகாம், பிறகு லே மருத்துவமனை, தேவையானால் சண்டிமந்திர் அல்லது தில்லி கன்டோன்மென்ட். ஒவ்வோர் இடத்திலும் புதிய மருத்துவர். மேலே எந்த மருந்தை எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று தெரியாவிட்டால், அதையே மறுபடி கொடுத்துவிடும் ஆபத்து உண்டு.

முதல் உலகப் போரில் மார்பியா ஊசி போட்ட வீரரின் நெற்றியில் ஆங்கில 'எம்' எழுத்தை எழுதும் வழக்கம் இருந்தது. காயக் குறிப்பு அட்டையை உடுப்பில் கட்டி அனுப்பினார்கள். குறிப்பு நோயாளியோடே பயணம் செய்தது. கணிப்பொறி வந்த பிறகும் அடிப்படை அதுவே. அதன் விதிகள் நான்கு:

1. முதலில் கைவசம், பிறகே அனுப்புதல். எழுதியது அந்தக் கருவியிலேயே பதிவாகி, தொடர்பு கிடைத்ததும் தானே போக வேண்டும். மறுமுனையிலிருந்து 'கிடைத்தது' என்று பதில் வரும்வரை மூலப்படியை அழிக்கக் கூடாது.

2. சிறியது முன்னே. வினாடிக்கு 9,600 பிட் செல்லும் இணைப்பில் 2,400 பைட் குறிப்பு 2 வினாடியில் போய்விடும். 10 மெகாபைட் எக்ஸ்ரே படத்துக்கு இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே ரத்த வகை, ஒவ்வாமை, கொடுத்த மருந்து ஆகியவை முதலில். படத்தைத் துண்டு துண்டாக அனுப்பினால், அறுந்த இடத்திலிருந்து தொடரலாம்.

3. அழித்து எழுதாதே. ஒரே ஏட்டில் இரண்டு ஊரில் எழுதினால், பின்னது முன்னதை விழுங்கிவிடும். வங்கி பாஸ்புக் போல, யார், எப்போது என்ற விவரத்துடன் வரிவரியாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். முரண்பாடு தெரிந்தால் தீர்க்க வேண்டியவர் மருத்துவர், இயந்திரம் அன்று.

4. ஆளுக்கு ஓர் எண். பெயர் மட்டும் போதாது. எஸ். ராமன், ராமன் சுப்பிரமணியன், வெறும் ராமன் என ஒரே ஆள் மூவராவது தில்லித் தமிழருக்குப் புதிதல்லவே! 2021 செப்டம்பர் 27-ல் நாடெங்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க 'ஆபா' எண் இதற்கு உதவுகிறது.

எண் இருந்தாலும், ஓடும் ரயிலில் சிக்னல் இல்லாதபோது அது பயன்படாது. ஊரிலிருந்து தனியே ரயில் ஏறும் பெற்றோருக்கு மயக்கம் வந்தால், அருகில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. எனவே ஓர் அட்டையில் பெயர், வயது, ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, அன்றாட மாத்திரைகளின் மூலப்பெயரும் அளவும், செய்த அறுவை சிகிச்சை, நம் தொலைபேசி எண் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதி, தேதியிட்டு, அவர்கள் பர்ஸில் வையுங்கள். மாத்திரை மாறினால் அட்டையையும் மாற்றுங்கள். பழைய அட்டை, அட்டை இல்லாததைவிட ஆபத்தானது.