மடக்குக் கத்தியின் ஸ்பிரிங்

கேள்வி: என் மடக்குக் கத்தி ஆக்சிஸ் லாக் வகை. பூட்டும் கம்பி ஒரு பக்கம் தொளதொளவென்று இருக்கிறது. ஸ்பிரிங்கை நானே மாற்றலாமா?

பதில்: தாராளமாக மாற்றலாம். பக்கத்துக்கு ஒன்றாக, ஒமேகா எழுத்தைப் போல வளைந்த இரண்டு ஸ்பிரிங்குகள் உள்ளே இருக்கும். ஒன்று முறிந்தாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். அதை நம்பி வேலையைத் தொடராதீர்கள், விரல் முக்கியம். டார்க்ஸ் திருப்புளியால் கைப்பிடித் தகட்டை ஒவ்வொரு பக்கமாகக் கழற்றுங்கள். திருகு அசையாவிட்டால் முரட்டுத்தனம் வேண்டாம், தலை வழுக்கிவிடும். சாலிடரிங் அயர்ன் நுனியைச் சில நொடி வைத்தால் உள்ளிருக்கும் பசை இளகும். ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் விதத்தை முதலில் படமெடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று களைத்தால் இன்னொன்றும் களைத்திருக்கும். உடைந்ததை வளைத்து ஒப்பேற்றவே கூடாது. பூட்டுக் கம்பி நகரும் காடியில் சேரும் பஞ்சுத்தூசியை அவ்வப்போது எடுத்து, ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.