தீவாரின் குறையும் பாராளுமன்றத்தின் கேள்வியும்

ஆட்சி நடத்துவோரைக் கேள்வி கேட்கும் உரிமை மக்களாட்சியின் உயிர்நாடி என்பதை யாவரும் அறிவர். ஆயினும் ஒரு கேள்வி எப்பொழுது பலன் தருகிறது, எப்பொழுது காற்றோடு போகிறது என்பதை ஆராய்வோர் சிலரே. தலைநகருக்கு அருகில் வாழ்வோர் தம் குறையை நேரில் சென்று சொல்லலாம். மலையிலும் கடல் நடுவிலும் வாழ்வோர் என் செய்வர்? இக்கேள்விக்கு ஸ்காட்லாந்து நாட்டின் தீவுகள் நல்லதொரு பாடமாக அமைந்துள்ளன. அத்தீவுகளில் வாழ்வோர் பலர் நம் அங்கத்தினர்களைப் போலவே சிறு நிலத்தில் பயிரிடுவோர்; வீட்டிலே தறி நெய்வோர். ஆதலின் அவர்கள் கதையை நாம் அறிந்துகொள்ளுதல் தகும்.

பிரிட்டனின் வடபகுதி ஸ்காட்லாந்து. அதன் மேற்கே ஹெப்ரிடீஸ் தீவுகளும், வடக்கே ஆர்க்னி, ஷெட்லண்ட் தீவுகளும் உள்ளன. 2011-ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி 93 தீவுகளில் மக்கள் குடியிருந்தனர். அவர்களின் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 1,03,700. ஒரு பெரிய நகரத்தின் சில வட்டங்களில் அடங்கக்கூடிய கூட்டமே இது. தேர்தல் கணக்கில் இச்சிறு கூட்டத்தின் குரல் எளிதில் அமுங்கிப் போகும்.

முதற் சாட்சியின் அச்சம்

சென்னைவாசிகளுக்கு நேப்பியர் என்ற பெயர் புதிதன்று. கூவம் கடலோடு கலக்குமிடத்தில் 1869-இல் கட்டப்பட்ட பாலம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த பிரான்சிஸ் நேப்பியர் பிரபுவே, 1883-இல் ஸ்காட்லாந்துச் சிறு குத்தகையாளரின் நிலையை விசாரிக்க அமைந்த ஆணையத்தின் தலைவர்.

அக்காலத்தில் அத்தீவுகளின் நிலமெல்லாம் ஒரு சில பிரபுக்களுக்கு உரியவை. ‘கிராப்டர்’ எனப்படும் சிறு குத்தகையாளர் எந்நேரமும் வெளியேற்றப்படக்கூடியவர்கள். நிலத்தைத் திருத்தி உயர்த்தினால் குத்தகையும் உயரும். இதனால் கிளர்ச்சி மூண்டது. ஆணையம் தலைநகரில் அமர்ந்து மனு வாங்கவில்லை. தீவு தீவாகச் சென்றது. எழுநூறுக்கும் மேற்பட்டோர் சாட்சியம் அளித்தனர். பலர் தம் தாய்மொழியாகிய கேலிக் மொழியிலேயே பேசினர்.

ஸ்கை தீவின் பிரேஸ் என்னும் ஊரில் 1883 மே மாதம் முதற் சாட்சி எழுந்தார். அவர் தம் குறையைச் சொல்லுமுன் ஓர் உறுதி கேட்டார். உண்மையைச் சொன்னதற்காகத் தம்மை நிலத்திலிருந்து வெளியேற்றலாகாது என்பதே அது. அவ்வுறுதியைத் தர ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. ஆகவே அங்கேயே இருந்த ஜமீன் காரியஸ்தரைக் கேட்டனர். அவர் எல்லோர் முன்னிலையிலும் உறுதி கூறிய பின்னரே சாட்சியம் தொடங்கிற்று.

1884-இல் அறிக்கை வந்தது. அவ்வாண்டிலேயே வாக்குரிமை விரிவடைந்தது. 1885 தேர்தலில் குத்தகையாளர் சார்பில் உறுப்பினர் சிலர் பாராளுமன்றம் புகுந்தனர். 1886-இல் சட்டம் பிறந்தது. குத்தகை நிலைபேறு, நியாயமான குத்தகை, செய்த திருத்தங்களுக்கு ஈடு ஆகிய மூன்றும் கிடைத்தன. ஆணையம் பரிந்துரைத்த வடிவில் அச்சட்டம் அமையவில்லை. குத்தகை நிலைபேற்றில் பரிந்துரையைக் கடந்து சென்றது. மேலும் நிலம் வேண்டும் என்ற கோரிக்கைக்கோ அதனால் போதிய விடை கிட்டவில்லை. எனினும், ஏட்டில் ஏறிய அந்தச் சாட்சியங்களையும் வாக்குச் சீட்டையும் எந்த அமைச்சராலும் புறக்கணிக்க முடியவில்லை.

துணிக்கு ஒரு சட்டம்

நெசவாளர் சிறப்பாகக் கருதத்தக்கது மற்றொரு செய்தி. ஹாரிஸ் ட்வீட் என்னும் கம்பளித் துணி உலகெங்கும் பெயர் பெற்றது. நூல் ஆலை, சாயமிட்ட கம்பளியை நூற்று, பாவு ஓட்டி, நெசவாளர் வீட்டுக்கு அனுப்புகிறது. அவர் மின்சாரமின்றிக் காலால் மிதித்து இயக்கும் தறியில் நெய்கிறார். நெய்த துணி மீண்டும் ஆலைக்குச் சென்று பதப்படுகிறது. பின்னர் அது பரிசோதிக்கப்பட்டு, உருண்டையும் சிலுவையும் கொண்ட முத்திரை பதிக்கப்படுகிறது. இம்முத்திரை 1910-இல் பதிவானது.

பெயர் பெற்ற பொருளுக்குப் போலி தோன்றுவது இயல்பு. வியாபார முத்திரை ஒன்றே போதாதென்று கண்டு, 1993-இல் லண்டன் பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளிலேயே சாயமிட்டு நூற்ற புதுக் கம்பளியைக் கொண்டு, அத்தீவார் தம் வீடுகளிலேயே கையால் நெய்து, அங்கேயே பதப்படுத்திய துணியே ஹாரிஸ் ட்வீட் என்று அச்சட்டம் வரையறுத்தது. அதனைக் காக்கத் தனி அமைப்பு ஒன்றையும் நிறுவியது. ‘வீடு’ என்ற ஒரு சொல் சட்டத்தில் ஏறியதால், அந்நெசவு பெருந்தொழிற்சாலைக்குப் பெயராமல் தறிக்காரர் கையிலேயே நிற்கிறது. சொல்லை அளந்து வைப்பதும் பாராளுமன்ற ஆய்வின் பயன்களுள் ஒன்று என்பதற்கு இது சான்று.

காரணம் எழுதுக என்னும் கட்டளை

1999-இல் எடின்பரோவில் ஸ்காட்லாந்துக்குத் தனிப் பாராளுமன்றம் அமைந்தது. வேளாண்மை, மீன்பிடிப்பு, தீவுகளுக்கான கப்பல் ஆகியவை அதன் பொறுப்பில் உள்ளன. அங்கு மேல்சபை கிடையாது. ஆகவே மசோதாக்களைச் சல்லடையிட்டு ஆராயும் வேலை உறுப்பினர் குழுக்களைச் சேர்ந்தது. குழு பொதுமக்களிடம் எழுத்து மூலம் கருத்துக் கேட்கும், சாட்சிகளை அழைக்கும், அமைச்சரையும் முன்னே அமர்த்தி விசாரிக்கும், நடந்த பேச்சு முழுவதையும் வெளியிடும். அறிக்கைக்கு அரசு பதில் எழுதுவது மரபு.

2013-இல் மூன்று தீவு மன்றங்கள் ஒன்றுகூடித் தம் கோரிக்கைகளை முன்வைத்தன. அதன் பயனாகத் தீவுகள் சட்டம் 2018-இல் நிறைவேறியது. தீவாரை மற்றையோரினும் வேறுவகையாகப் பாதிக்கக்கூடிய கொள்கையையோ திட்டத்தையோ மேற்கொள்ளுமுன், அரசும் பொது நிறுவனங்களும் அதன் விளைவை மதிப்பிட்டு எழுத வேண்டும். மதிப்பீடு செய்யவில்லையெனில், ஏன் செய்யவில்லை என்ற காரணத்தை வெளியிட வேண்டும். தீவுகளுக்கான தேசியத் திட்டம் ஒன்று வகுத்து, அதன் முன்னேற்றத்தை ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் வைக்க வேண்டும்.

இச்சட்டத்தில் ஒரு சிறு விதியும் உண்டு. தேசப்படங்களில் ஷெட்லண்ட் தீவுகளைத் தொலைவு கருதி ஒரு கட்டத்துக்குள் அடைத்து, நிலத்தருகே வரைவது வழக்கமாக இருந்தது. அவை எத்தனை தூரத்தில் உள்ளன என்பது படம் பார்ப்போர் மனத்தில் பதியவேயில்லை. இனிப் பொது நிறுவனங்கள் அத்தீவுகளை உண்மையான இடத்திலேயே காட்ட வேண்டும். இயலாவிடில் காரணம் கூற வேண்டும். தூரத்தை மறைத்துவிட்டுக் கப்பல் கட்டணத்தைப் பற்றிப் பேசுவது எங்ஙனம் பொருந்தும்?

கேள்வியின் எல்லை

இவ்வளவு சட்டமிருந்தும் தீவாரின் துயர் தீர்ந்ததா? தீரவில்லை. 2015-இல் தீவுப் போக்குவரத்துக்கென இரண்டு கப்பல்கள் கட்ட 9 கோடியே 70 லட்சம் பவுனுக்கு ஒப்பந்தமாயிற்று. 2018-இல் வந்திருக்க வேண்டியவை அவை. முதற் கப்பல் 2025 ஜனவரியில்தான் பயணிகளை ஏற்றியது. ஹாரிஸ் தீவுக்குச் செல்லும் வழிக்கென முதலில் எண்ணப்பட்டது இரண்டாவது கப்பல்.

பாராளுமன்றக் குழு இதனை விசாரித்து, கொள்முதல் நடத்தப்பட்ட முறையே பெருந்தோல்வி என்று 2020 டிசம்பரில் கடுமையாக எழுதியது. 2022-இல் தணிக்கைத் துறையின் அறிக்கை மேலும் ஓர் உண்மையை விளக்கிற்று. கப்பல் வராவிடில் பணம் முழுவதும் திரும்பும் என்ற உத்தரவாதம் பெறாமலே ஒப்பந்தம் முடிந்திருந்தது! அந்த அபாயத்தை ஏற்றதற்கான காரணத்தைக் காட்டப் போதிய ஆவணமும் தணிக்கையாளருக்குக் கிட்டவில்லை. அவ்வாண்டிலேயே பின்னர் ஒரு மின்னஞ்சல் வெளிவந்ததாயினும், அது தணிக்கையின்போதே கோப்பில் இருந்திருக்க வேண்டிய தாள் அன்றோ? ஜாமீன் இன்றி முன்பணம் கொடுத்த கணக்குகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, இவ்விடத்தில் விளக்கம் தேவையில்லை.

2023 ஜூன் மாதத்தில் தெற்கு உயிஸ்ட் தீவின் லாக்பாய்ஸ்டேல் துறைக்கு வரும் கப்பல் பெரும்பாலும் நிறுத்தப்பட்டபோது, தீவு மக்கள் துறையிலே திரண்டு தம் எதிர்ப்பைக் காட்டினர். குழுவின் அறிக்கை கப்பலாக மாறி மிதந்துவிடாது. ஆயினும் தவறு எங்கே நிகழ்ந்தது என்பது அவ்வறிக்கையாலேயே உலகுக்குத் தெரிந்தது. தெரியாத தவற்றைத் திருத்துவார் யார்?

நாம் கற்க வேண்டுவன

சங்கத்தின் மகாசபை, அங்கத்தினர்களின் பாராளுமன்றம். நிர்வாகக் குழு அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. ஆகவே மேற்கூறிய செய்திகளிலிருந்து மூன்று பாடங்களை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, உண்மை சொல்பவருக்குப் பாதுகாப்பு வேண்டும். கேள்வி கேட்ட அங்கத்தினருக்கு மறுவாரம் நூல் குறைந்தாலோ, கடன் மனு தாமதமானாலோ, அடுத்த கூட்டத்தில் எவரும் வாய் திறவார். பிரேஸ் ஊர்ச் சாட்சி கேட்ட உறுதியைச் சங்கத் தலைவர் கூட்டத்தின் தொடக்கத்திலேயே தாமாக அளித்தல் நன்று.

இரண்டாவது, குறையை அளந்து சொல்ல வேண்டும். ‘நூல் சரியாக வருவதில்லை’ என்பது புலம்பல். ‘இன்ன மாதம் இன்ன தேதியில் இத்தனை சிட்டம் வரவேண்டும், இத்தனையே வந்தது, தறி இத்தனை நாள் நின்றது’ என்பது சாட்சியம். புலம்பலுக்கு ஆறுதல் கிடைக்கும். சாட்சியத்துக்குப் பதில் தந்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, பதிலை எழுத்தில் பெற்று, அடுத்த கூட்டத்தில் தொடர்ந்து கேட்க வேண்டும். ஒரு கோரிக்கை மறுக்கப்படலாம். மறுத்த காரணம் தீர்மானப் பதிவேட்டில் ஏறாமல் இருக்கலாகாது.

வரும் மகாசபைக்கு முன் ஒவ்வோர் அங்கத்தினரும் சங்கத்தின் சென்ற தணிக்கை அறிக்கையை வாங்கிப் படிக்க வேண்டும். எழுத்தறியாதாருக்கு அறிந்தவர் படித்துக் காட்ட வேண்டும். அதில் கண்ட குறைகளுள் எவை நிவர்த்தியாயின, எவை நிற்கின்றன என்று குறித்துக்கொண்டு கூட்டத்துக்கு வருவார்களாக.