சீனி சேர்க்காத குரக்கன் காலைக்கஞ்சி

ஊர் திரும்பிய முதல் மாதங்களில் வளவு துப்புரவாக்குவது, கிணறு இறைப்பது, பதிவு அலுவல்கள் என்று காலைப்பொழுது போய்விடும். பிள்ளைகள் சீனி போட்ட தேநீரும் பிஸ்கட்டும் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போவார்கள். சீனி சிறிது நேரத்துக்குத் தெம்பு தரும். ஆனால் வளரும் பிள்ளைக்கு வேண்டிய புரதமோ இரும்புச்சத்தோ கல்சியமோ அதில் இல்லை. பற்களும் பழுதாகும்.

குரக்கன் அப்படியல்ல. 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அரிசியில் இருப்பதைவிட இது பல மடங்கு அதிகம். பயறு சேர்த்தால் புரதமும் கிடைக்கும். இனிப்புக்குக் கனிந்த வாழைப்பழமே போதும். கஞ்சியின் நிறம் சொக்லேட் போல இருப்பதால் பிள்ளைகளும் விரும்பிக் குடிப்பார்கள்.

தேவையான பொருட்கள் (4 பேருக்கு)

குரக்கன் மா – 1 கப்
பயறு – அரைக் கப்
தண்ணீர் – 6 கப்
தேங்காய்ப்பால் – 1 கப்
நன்கு கனிந்த வாழைப்பழம் – 3
உப்பு – ஒரு சிட்டிகை

செய்யும் முறை

1. பயற்றை இரவே ஊறவிடுங்கள். விரைவில் அவியும்; விறகும் மிச்சமாகும்.
2. காலையில் ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டு, பயற்றை 4 கப் தண்ணீரில் நன்கு அவியுங்கள்.
3. குரக்கன் மாவை 2 கப் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் பயற்றில் ஊற்றுங்கள்.
4. அடிப்பிடிக்காமல் 10 நிமிடம் துழாவுங்கள். உப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள்.
5. வாழைப்பழத்தை மசித்துக் கலந்து, இளஞ்சூட்டில் பரிமாறுங்கள்.

தேங்காய் கிடைக்காவிட்டால், ஆறவைத்த கொதிநீரில் கரைத்த பால்மாவைக் கடைசியில் சேர்க்கலாம்.

யாருக்கு எப்படி?

6 மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள். 6 மாதம் நிறைந்த பின் உப்புச் சேர்க்காமல், கரண்டியிலிருந்து வழிந்தோடாத அளவு தடிப்பாகக் காய்ச்சி, நன்கு மசித்துக் கொடுக்கலாம். தண்ணீர்போல ஓடும் கஞ்சியால் வயிறு நிறையும், சத்துப் போதாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு வாழைப்பழத்துக்குப் பதிலாக முருங்கை இலையும் சின்ன வெங்காயமும் போட்டு, அளவாகக் கொடுங்கள்.

கஞ்சியுடன் தேநீர் குடிக்க வேண்டாம். உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேநீர் குறைக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கொய்யா, நெல்லி, தேசிக்காய் போன்றவை இரும்புச்சத்துச் சேர உதவும்.

கவனம்

இலைக்கும் விறகுக்கும் கண்ணிவெடி அகற்றப்பட்ட இடங்களுக்கு மட்டுமே செல்லுங்கள். எச்சரிக்கைப் பலகையைத் தாண்ட வேண்டாம். பிள்ளைகளைத் தனியே அனுப்பவும் வேண்டாம். நீண்டகாலம் பாவிக்காத கிணற்றை இறைத்துக் குளோரின் இட்ட பின்னரே பாவியுங்கள். குடிப்பதற்கு நீரைக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். காலையில் காய்ச்சிய கஞ்சியைப் பின்னேரத்துக்கு வைக்காதீர்கள்.

கிணற்றடியில் கழிவுநீர் ஓடும் இடத்தில் இரண்டு வாழைக்குட்டியும், வேலியோரம் ஒரு முருங்கைத் தடியும் நட்டுவிடுங்கள். அடுத்த வருடம் இக்கஞ்சிக்கு வேண்டிய பழமும் இலையும் உங்கள் வளவிலேயே கிடைக்கும்.

கலந்துரையாடுவோம்

• நேற்றுக் காலை உங்கள் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள்?
• ஒரு கிழமைக்குச் சீனிக்குச் செலவாகும் பணத்தில் எவ்வளவு பயறு வாங்கலாம்?