மூட்டுத் தேய்மானம்: காலைப் பிடிப்பும் இரவுத் தூக்கமும்

முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் கண் விழித்ததும் சட்டென்று எழுந்து நடக்க வேண்டாம். படுத்தபடியே காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடைத் தசையை இறுக்கித் துண்டை அழுத்துங்கள். 5 விநாடி அழுத்தம், பிறகு தளர்வு. காலுக்கு 10 முறை. இந்த நோயில் காலைப் பிடிப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் வேறு வகை மூட்டுவாதமாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

‘நடக்காமல் இருந்தால் தேயாது’ என்று பலர் உட்கார்ந்துவிடுகிறார்கள். பார்க்க வருத்தமாக இருக்கிறது. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசையும்போதுதான் மூட்டுத் திரவம் வழியே அதற்கு ஊட்டம் போகிறது. சமதரையில் 10 நிமிடம் வீதம் இரண்டு மூன்று தடவையாக நடங்கள். நடந்து 2 மணி நேரம் கழித்தும் வலி கூடுதலாகவே இருந்தால் மறுநாள் தூரத்தைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைத்தடி வலியில்லாத பக்கத்துக் கையில். குந்தி உட்கார்வதைத் தவிருங்கள். காய் நறுக்குவதை மேசைக்கு மாற்றுங்கள்.

இரவில் ஒருக்களித்துப் படுப்பவர்கள் இரு முழங்கால்களுக்கும் நடுவே தலையணை வைக்கலாம். மல்லாந்து படுப்பவர்கள் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தே தினமும் தூங்கினால், மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகக்கூடும். படுக்குமுன் 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம் இதம் தரும். நீரிழிவால் கால் மரத்தவர்கள் சூட்டை வீட்டில் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பகல் தூக்கம் அரை மணிக்குள் இருக்கட்டும்.