ஸ்ட்ராஸ்பர்க்கில் எட்டு நாட்கள்

பிரான்சு என்றவுடன் நம் மாணவர்களுக்குப் பாரிசு நகரமும் ஐஃபில் கோபுரமும் நினைவுக்கு வருவது இயல்பு. வரலாறு பயில்வோராயின் பாஸ்டீல் சிறையும் நெப்போலியனும் கூடவே வருவர். அந்நாட்டின் கிழக்கெல்லையில், ரைன் ஆற்றை ஒட்டி இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தை நாம் பாடநூலில் பெயர் சொல்லிக்கூடச் சந்திப்பதில்லை. '1871-ஆம் ஆண்டுப் பிராங்க்பர்ட் உடன்படிக்கையின்படி அல்சேசும் லொரேனின் ஒரு பகுதியும் ஜெர்மனிக்கு அளிக்கப்பட்டன' என்னும் ஒற்றை வரிக்குள் அந்நகரம் அடங்கிக் கிடக்கிறது. இவ்வரியை நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். ஐந்து மதிப்பெண் வினாவில் இதற்கு ஒரு மதிப்பெண் உண்டு. 2023 டிசம்பரில் நானும் என் துணைவியாரும் அந்நகரில் எட்டு நாட்கள் தங்கித் திரும்பிய பிறகு, அதே வரியை அதே குரலில் சொல்ல இயலவில்லை. ஏன் என்பதை மாணவ நண்பர்களுக்கும் உடன் பணிபுரிவோர்க்கும் சொல்லவே இக்கட்டுரை.

குளிர்காலத்திலா போனீர்கள் என்று கேட்காதவர் இல்லை. பருவத் தேர்வு முடிந்து எனக்கு விடுமுறை கிடைத்தது அப்போதுதான். மேலும் ஸ்ட்ராஸ்பர்க்கின் பெருஞ்சிறப்பு அங்கு நடைபெறும் கிறிஸ்துமஸ் சந்தை. எனக்கு மட்டும் இன்னொரு காரணமும் இருந்தது. வரலாற்றை மன்னர்களின் கதையாக எழுதாமல், உழவரின் கதையாகவும் ஊரின் கதையாகவும் எழுதக் கற்றுத்தந்த மார்க் பிளாக் என்னும் பேராசிரியர் 1919 முதல் 1936 வரை இந்நகரின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். லூசியன் ஃபெவ்ருடன் சேர்ந்து அவர் 'அன்னால்' என்னும் ஆய்விதழைத் தொடங்கியதும் இங்கிருந்தபோதுதான், 1929-இல். அவர் நடந்த தெருக்களில் நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பாரிசிலிருந்து விரைவு இரயிலில் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணி நேரப் பயணம். இறங்கியபோது மாலை ஐந்து மணி, நன்றாக இருட்டியிருந்தது. அங்கே டிசம்பர் இறுதியில் கதிரவன் காலை எட்டரை மணியளவில் எழுந்து மாலை நாலரை மணிக்கே மறைந்துவிடுகிறான். பனி பொழியும் என்று எதிர்பார்த்துப் போன எங்களுக்குத் தூறல்தான் கிடைத்தது. புடவைக்கு மேல் இரண்டு கம்பளிச் சட்டை, அதற்கு மேல் ஒரு கோட்டு என அணிந்து நடந்த என் துணைவியாரைப் பார்த்துச் சிறுவர் சிலர் புன்னகைத்தனர். அவரும் பதிலுக்குப் புன்னகைத்தார்.

மறுநாள் முதலில் பேராலயத்துக்குச் சென்றோம். வோஜ் மலையின் செம்மணற்கல்லால் ஆன கட்டடம் அது. 1015-இல் அடித்தளம் இடப்பட்டு, தீக்கிரையாகி, 1176-க்குப் பின் மீண்டும் எழுப்பப்பட்டு, 1439-இல் கோபுரம் நிறைவெய்தியது. உயரம் 142 மீட்டர். 1647 முதல் 1874 வரை இதுவே உலகின் மிக உயர்ந்த கட்டடமாக இருந்தது. இரட்டைக் கோபுரத்துக்கு இடம் விட்டு ஒன்றை மட்டுமே கட்டி முடித்திருக்கிறார்கள். ஜெர்மானியப் பெருங்கவிஞர் கெதே 1770-71-இல் இங்குச் சட்டம் பயின்றார். உயரத்தைக் கண்டு அஞ்சும் தம் இயல்பைப் போக்கிக்கொள்ளவே அவர் இக்கோபுரத்தில் திரும்பத் திரும்ப ஏறினாராம். 1772-இல் அவர் எழுதிய கட்டுரை இப்பேராலயத்தை ஜெர்மானியக் கட்டடக்கலையின் பெருமையாகப் புகழ்ந்தது. ஆனால் அந்தக் கட்டடப் பாணி பிறந்த இடமோ பிரான்சு! கல்லுக்குக்கூட இங்கே நாடு கேட்டிருக்கிறார்கள்.

பேராலயத்தின் உள்ளே இருக்கும் வானியல் கடிகாரத்தின் முன் என் துணைவியார் நின்றுவிட்டார். பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். இவ்விடத்தில் இருப்பது மூன்றாவது கடிகாரம். பதினான்காம் நூற்றாண்டிலும் பதினாறாம் நூற்றாண்டிலும் செய்யப்பட்ட இரண்டு முன்பே இருந்து நின்றுபோயின. இப்போதுள்ள பொறியமைப்பை ஷ்வில்கே என்னும் இந்நகரத்தார் 1838 முதல் 1842 வரை உழைத்து அமைத்தார். கால் மணிக்கு ஒரு முறை குழந்தை, இளைஞன், நடுவயதினன், முதியவன் என மனித வாழ்வின் நான்கு பருவங்களும் மரணத்தின் முன் வரிசையாகக் கடந்து செல்கின்றன. நண்பகலில் பன்னிரு சீடர்களும் இயேசுவின் முன் வணங்கிச் செல்ல, மேலே ஒரு சேவல் சிறகடித்து மூன்று முறை கூவுகிறது. கூட்டம் சேவலைப் பார்த்தது. என் துணைவியாரோ கீழே இருந்த பற்சக்கரங்களைப் பார்த்தார். ஈஸ்டர் திருநாள் ஆண்டுதோறும் நாள் மாறுவது. இளவேனிற் சமஇரவுக்குப் பின் வரும் முழுநிலவையும் அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமையையும் கொண்டு கணிப்பது. அக்கணக்கை இச்சக்கரங்களே போட்டு, டிசம்பர் 31 நள்ளிரவில் அடுத்த ஆண்டுக்குரிய நாளைக் காட்டிவிடுகின்றன. நூற்றாண்டு நிறைவில் எது நெட்டாண்டு, எது அன்று என்னும் நானூறு ஆண்டு விதியும் அதில் அடக்கம். "இதைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் சொல்லவே எனக்கு ஒரு பீரியட் ஆகும். இந்த மனுஷன் பித்தளையில் சொல்லிவிட்டாரே!" என்றார்.

அவரே இன்னொன்றையும் கண்டுபிடித்தார். சீடர்களின் ஊர்வலம் தொடங்கியபோது கடிகாரம் பன்னிரண்டு காட்டியது. எங்கள் கைக்கடிகாரங்களிலோ பன்னிரண்டரை. பழுதாக இருக்குமோ என்று நான் எண்ணினேன். "பழுதில்லைங்க. இது இந்த ஊர் நேரம்" என்று கூறி, சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஸ்ட்ராஸ்பர்க் கிழக்குத் தீர்க்கரேகை ஏழேமுக்கால் பாகையில் இருக்கிறது. மத்திய ஐரோப்பிய நேரம் பதினைந்து பாகைக்குரியது. வித்தியாசம் ஏழேகால் பாகை. பாகைக்கு நான்கு நிமிடம் எனில் 29 நிமிடம். கடிகாரம் தன் ஊரின் சராசரிச் சூரிய நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. (நம் சென்னைக்கும் இவ்வாறு இந்திய நேரத்திலிருந்து ஒன்பது நிமிட வேறுபாடு உண்டு. கணித மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம்.)

இதற்குள் ஒளிந்திருந்த வரலாறு எனக்கு அறைக்குத் திரும்பிய பிறகே உறைத்தது. 1893-இல் ஜெர்மனி நாடு முழுமைக்கும் மத்திய ஐரோப்பிய நேரத்தைக் கொண்டுவந்தது. ஸ்ட்ராஸ்பர்க் அப்போது ஜெர்மனியில் இருந்தது. 1918-இல் நகரம் பிரான்சுக்குத் திரும்பியதும் முள் ஒரு மணி நேரம் பின்னே போயிற்று. 1940-இல் ஹிட்லரின் படை வந்ததும் முள் மீண்டும் முன்னே வந்தது. போர் முடிந்தபின் பிரான்சு முழுவதுமே அந்நேரத்தை வைத்துக்கொண்டது. இத்தனையும் நடக்கையில் பேராலயத்துக்குள் அந்தப் பித்தளைச் சக்கரங்கள் 1842-இல் போட்ட கணக்கையே வைத்துக்கொண்டிருக்கின்றன.

சந்தையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதைப் படத்தில் எவரும் பார்க்கலாம். 1570-இல் தொடங்கிய சந்தை அது. மரத்தாலான சிறு கடைகள், விளக்குத் தோரணங்கள், இலவங்கப்பட்டையும் கிராம்பும் மணக்கும் சூடான திராட்சை மது (நாங்கள் ஆப்பிள் சாறு அருந்தினோம்), 'பிரெடல' என்னும் சிறு பிஸ்கோத்துகள். அப்பளம் போல் மெல்லிய மாவின்மேல் வெங்காயமும் பாலேடும் பரப்பிச் சுட்ட 'ஃப்ளாம்மெகூக' என்னும் பண்டம் எங்கள் இருவர்க்கும் மிகப் பிடித்தது. அதில் போடும் பன்றி இறைச்சியை வேண்டாம் என்று சொல்ல மட்டும் மறக்கக்கூடாது. பழைய நகரம் ஆற்றுக் கிளைகளுக்கிடையே ஒரு தீவாக இருப்பதால் பாலங்கள் வழியே நுழைய வேண்டும். பாலங்களில் காவலர் பைகளைத் திறந்து பார்த்தனர். 2018 டிசம்பர் 11 அன்று இச்சந்தையில் ஒருவன் நடத்திய தாக்குதலில் ஐந்து பேர் உயிரிழந்தனர். விளக்குகளுக்கு நடுவே அதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் மக்கள் சந்தைக்கு வருகிறார்கள்.

கிளேபர் சதுக்கத்தில் ஏறத்தாழ 30 மீட்டர் உயரக் கிறிஸ்துமஸ் மரம் ஒளிர்கிறது. அருகே கிளேபரின் சிலை. இந்நகரில் பிறந்து, நெப்போலியனின் படைத்தலைவராகி, 1800-இல் கெய்ரோவில் கொல்லப்பட்டவர். அவருடைய எச்சங்கள் அச்சிலையின் அடியில் உள்ளன. 1940-இல் நாஜிகள் சிலையை அகற்றி, எச்சங்களையும் தோண்டியெடுத்து வேறு இடுகாட்டுக்குக் கொண்டுபோயினர். சதுக்கத்துக்கு வேறு பெயர் இட்டனர். பிரெஞ்சுப் பெயர் தாங்கிய தெருக்கள், கடைகள், ஏன், மனிதர்களின் பெயர்களே மாற்றப்பட்டன. பிரெஞ்சு பேசுவது குற்றமாயிற்று. அதற்கு முன் 1918-க்குப் பின்னர் ஜெர்மன் பெயர்களுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. இன்று பழைய நகரின் தெருப்பலகைகளில் பிரெஞ்சும், ஜெர்மன் வகையைச் சேர்ந்த உள்ளூர் மொழியான அல்சேசியமும் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். நகரின் வடகிழக்கில், 1871-க்குப் பின் ஜெர்மானியர் அகன்ற சாலைகளோடு அமைத்த புதுநகரில், குடியரசுச் சதுக்கம் இருக்கிறது. அதன் நடுவே 1936-இல் நிறுவப்பட்ட போர் நினைவுச் சின்னம். ஒரு தாய் அமர்ந்திருக்கிறாள். மடியில் இறக்கும் தறுவாயில் இரண்டு மைந்தர்கள், ஒருவன் இப்புறமும் மற்றவன் அப்புறமும் சாய்ந்திருக்கிறார்கள். மாலைத் தூறலில் நாங்கள் போனபோது அங்கு வேறு எவரும் இல்லை. நான் ஆண்டைக் குறித்துக்கொண்டு நகரப் பார்த்தேன். என் துணைவியார் நகரவில்லை.

"என்னங்க, இந்தப் பையன்கள் மேலே துணியே இல்லையே. இவங்க எந்த நாட்டுப் பட்டாளம்?"

உண்மைதான். இருவரும் ஆடையின்றி இருக்கிறார்கள். பிரான்சின் பிற ஊர்களில் போர் நினைவுச் சின்னம் என்றால் சீருடையணிந்த வீரன் நிற்பான். 'பிரான்சுக்காக உயிர் நீத்தோர்' என்று பொறித்திருக்கும். இங்கே 'எங்கள் இறந்தோர்க்கு' என்பதோடு சரி. யாருக்காக இறந்தனர் என்று இல்லை. எழுத முடியாது. 1914-இல் இந்நகரத்து இளைஞர்கள் ஜெர்மன் குடிமக்கள். அவர்களில் மிகப் பலர் ஜெர்மன் சீருடையில் போரிட்டு மாண்டனர். எல்லை தாண்டிப் போய்ப் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவரும் உண்டு. போர் முடிந்தபோது நகரம் பிரான்சுக்குச் சொந்தம். மகனுக்கு எந்தச் சட்டையை மாட்டிச் சிலை வடிப்பது? சிற்பி திரிவியே சட்டையைக் கழற்றிவிட்டார். ஒருவன் பிரான்சையும் மற்றவன் ஜெர்மனியையும் நோக்குவதாகவும், சாகும்போது அவர்கள் கைகள் ஒன்றையொன்று பற்றுவதாகவும் விளக்குவர். தாய் இருவரையும் தாங்கியிருக்கிறாள்.

அச்சின்னம் எழுந்து ஆறே ஆண்டுகளில் அதே துயரம் திரும்பி வந்தது. 1942 ஆகஸ்டில் நாஜி ஆட்சி அல்சேசு இளைஞர்களைக் கட்டாயமாகப் படைக்கு அழைத்தது. அல்சேசிலிருந்து சுமார் ஒரு இலட்சம் பேர், லொரேனின் மொசெல் பகுதியிலிருந்து சுமார் 30 ஆயிரம் பேர் இவ்வாறு கொண்டுபோகப்பட்டனர். தப்பி ஓடினால் குடும்பத்தை நாடு கடத்தினர். பெரும்பாலோர் உருசியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். பிடிபட்டவரில் பலர் தாம்போவ் கைதி முகாமில் அடைபட்டனர். இவர்களை இன்றும் 'எங்கள் விருப்பத்துக்கு மாறாகப் போனவர்' என்னும் பொருள்படும் பெயராலேயே பிரெஞ்சில் குறிக்கின்றனர்.

நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மையாரிடம் அன்றிரவு சிலையைப் பற்றிப் பேச்செடுத்தோம். எழுபதைத் தாண்டியவர். அவருடைய தந்தையாரும் அவ்வாறு போய்த் திரும்பியவராம். "அப்பா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. வீட்டில் அல்சேசியம் பேசுவார். அதையே நான் பள்ளியில் பேசினால் அடி விழும். இது பிரான்சு, பிரெஞ்சு பேசு என்பார்கள்" என்றார் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில். தம் பிள்ளைகளுக்கு அவர் அல்சேசியம் கற்றுத்தரவில்லை. என் துணைவியார் ஏன் என்று கேட்டார். அம்மையார் தோளைக் குலுக்கிவிட்டுத் தேநீர் ஊற்றினார். எங்களுக்கும் அதற்குமேல் கேட்க மனம் வரவில்லை.

டிசம்பர் 26 அன்று பரிசுப் பொருள் வாங்கப் போனால் கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. பிரான்சின் பிற பகுதிகளில் அது வேலை நாள். ஜெர்மானியர் காலத்துச் சட்டங்கள் பலவற்றை அல்சேசு மக்கள் 1918-க்குப் பின்னும் விட்டுத்தர மறுத்ததால், அந்நாளும் பெரிய வெள்ளியும் இங்கு மட்டும் விடுமுறை. சமயத்தையும் அரசையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டமும் இங்குச் செல்லாது. அப்போது இது பிரான்சில் இல்லையே! மருத்துவக் காப்பீட்டு முறையும் தனி. இரயில்களோ இன்னும் வேடிக்கை: பிரான்சு முழுவதும் இடப்புறத் தடத்தில் ஓடுபவை அல்சேசில் வலப்புறத் தடத்தில் ஓடுகின்றன. 1871-ஆம் ஆண்டு எல்லைக்கருகே ஒரு தடத்தை மற்றொன்றின் மேலே தாண்டவைக்கும் பாலங்கள் கட்டி இரண்டையும் இணைத்திருக்கிறார்கள். என் ஒரு மதிப்பெண் வரியை இருப்புப்பாதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது.

கடைகள் அடைத்திருந்ததால் அன்று பிற்பகல் டிராம் ஏறினோம். 2017 முதல் அது ரைன் ஆற்றைக் கடந்து ஜெர்மனியின் கேல் நகரம் வரை செல்கிறது. எதற்கு இத்தனை இலட்சம் உயிர்கள் என்று கேட்கும்படியாக, சில நிமிடங்களில் ஆறு கடந்துபோயிற்று. எதிர் இருக்கையில் ஒரு பெண் காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உறங்கினாள். எந்த நாட்டுக்காரி என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் மாலை பாரிசுக்குத் திரும்பினோம். எங்கள் இரயிலும் எங்கோ ஓரிடத்தில் வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கு மாறியாக வேண்டும். அதைப் பார்த்தே தீருவது என்று என் துணைவியார் சன்னலோரம் அமர்ந்துகொண்டார். வெளியே கும்மிருட்டு. கண்ணாடியில் எங்கள் முகங்களே தெரிந்தன.